முனைகளில்லாத புரதம்

1960களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவராகக் காங்கோவுக்குப் போன நார்வேக்காரர் லோரென்ட்ஸ் கிரான், பிரசவத்துக்கு வரும் பெண்களில் சிலருக்கு இடுப்புவலி வழக்கத்தை மீறிய வேகத்தில் எழுவதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்ததில், அவர்கள் வீட்டிலேயே ஒரு கஷாயம் குடித்துவிட்டு வருவது தெரிந்தது. கசாய் பகுதியின் லுலுவா மக்கள் கலட்டா-கலட்டா என்று சொல்லும் சிறு பூண்டு. தண்டும் இலையுமாகப் பறித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, வலி கண்டவளுக்கு மிடறு மிடறாகக் கொடுப்பார்கள். தாவரவியலில் அதற்கு ஓல்டன்லாண்டியா அஃபினிஸ் என்று பெயர். காப்பிச் செடியின் குடும்பம். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேர், சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்று எடுத்தாளும் செடி, இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

கிரான் அந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. செடியை நார்வேக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருள்களில் ஒன்று சிறு புரதம் என்று 1970களின் தொடக்கத்தில் எழுதினார். அதற்குக் கலட்டா பி1 என்று பெயரிட்டார். இங்கேதான் சிக்கல். புரதத்தை வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதைச் சோற்றோடு சோறாகச் செரித்துவிடும். இன்சுலினைப் பெரும்பாலும் ஊசியாகவே போட்டுக்கொள்வது அதனால்தான். கொதிக்கவைத்தால் புரதம் உருக்குலையும். கசாய்ப் பெண்களோ கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். குடித்தது வேலையும் செய்தது.

இதற்கு விடை 1995இல் கிடைத்தது. நார்வே ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டேவிட் கிரெய்க்கின் குழுவினரும் சேர்ந்து அதன் வடிவத்தைக் கண்டார்கள். 29 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. சாதாரணப் புரதத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. செரிமான நொதிகளில் பல அந்த முனைகளிலிருந்துதான் கடிக்கத் தொடங்கும். இதற்கு முனையே இல்லை. தொடுத்த பூச்சரத்தின் இரு நுனிகளையும் சேர்த்துக் கட்டி மாலையாக்கியதுபோல், கடைசி அமினோ அமிலம் முதலாவதோடு பிணைந்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் ஆறு சிஸ்டீன்கள் மூன்று கந்தகப் பிணைப்புகளாக இணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, மற்ற இரண்டும் அமைக்கும் சிறு வளையத்தின் ஊடே நுழைந்து முடிச்சாகிறது. கொதிநீரும் அமிலமும் நொதியும் இதனிடம் எளிதில் செல்லுபடியாவதில்லை. 1999இல் இந்த வகைப் புரதங்களுக்கு சைக்ளோடைடு என்று பொதுப்பெயர் வைத்தார்கள்.

எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு நேர இடைவெளியில் குடிப்பது: இத்தனையும் கசாயில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொதிக்கவைத்தும் அது ஏன் கெடவில்லை என்பதைச் சொல்ல வேதியியலுக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. இந்தக் காலக்கணக்கை எனக்குள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு கருவியும் இல்லாமல், பிரசவத்தின் ஆபத்தான மணிநேரங்களில், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. அதைச் சேர்த்தவர்கள் பெண்கள்.

பிறகு தேடத் தேட சைக்ளோடைடுகள் பல குடும்பங்களில் அகப்பட்டன. வயலட் குடும்பத்தில் ஏராளம். நம் ஊரில் ஓரிதழ் தாமரை என்று சொல்லும் செடி அந்தக் குடும்பம். வரப்போரத்தில் ஒற்றை ரோஜாநிற இதழை நீட்டிக்கொண்டு நிற்கும், குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது. அதிலும் சைக்ளோடைடுகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். 2011இல் சங்குப்பூக் கொடியிலும் கிடைத்தன. வேலியில் படர்ந்து கிடக்கும் அந்த நீலப்பூக் கொடியின் சாற்றை ஆஸ்திரேலியாவில் இன்று பருத்திக்குப் பூச்சிமருந்தாகத் தெளிக்கிறார்கள். சைக்ளோடைடு செடிக்கு எதற்கு என்பதை அது சொல்லிவிடுகிறது. கலட்டா பி1 கலந்த தீனியைத் தின்ற காய்ப்புழுக்கள் வளராமல் போவதை 2001இலேயே காட்டியிருந்தார்கள். புழுவின் குடல் செல்களின் சவ்வை அது குலைக்கிறது. வயிற்றுக்குள் போயும் செரிக்காமல் இருப்பது ஆயுதத்துக்கு வேண்டிய குணம். நமக்கு அது மருந்தின் குணமாகத் தெரிகிறது.

செடிக்கு நம்மைத் தெரியாது. நம் மூளையோ நரம்போ அதன் கணக்கில் இல்லை. இயற்கை நமக்காகவே மருந்தை ஒளித்துவைத்திருக்கிறது என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. செடியின் பல லட்சம் ஆண்டுப் போராட்டத்தை நமக்கான அன்பளிப்பாகச் சுருக்கிவிடும் பேச்சு அது. நடக்க முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் உயிர்களோடு மூலக்கூறுகளால் போரிடுகிறது. அந்த மூலக்கூறுகளில் ஏதோ ஒன்று, வேறோர் உடலில், வேறொரு பூட்டில் தற்செயலாகப் பொருந்துகிறது. பொருந்துகிறதா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நோய் அப்படியொரு பூட்டு. 1868இல் பாரீஸின் ஷார்கோ அதைத் தனி நோயாக விவரித்தார். நரம்பிழைகளைச் சுற்றிப் பல அடுக்காகப் படிந்த கொழுப்புறைக்கு மயலின் என்று பெயர். சமிக்ஞை வேகமாக ஓடுவது அதனால்தான். இந்நோயில் உடலின் சொந்த வெள்ளையணுக்களே, முக்கியமாக டி செல்கள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே நுழைந்து அந்த உறையைத் தாக்குகின்றன. அழற்சி மூண்ட இடத்தில் உறை உரிகிறது. ஒருநாள் ஒரு கண் மங்குகிறது. இன்னொரு நாள் பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரிவதில்லை. தலையைக் குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் இறங்குகிறது. சில வாரங்களில் எல்லாம் தணியும்; பிறகு திரும்பி வரும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. 2020ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குறைவு. வந்த வீட்டுக்கு அந்த ஒப்பீட்டால் ஆகப்போவது எதுவுமில்லை.

வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் க்ரூபர் குழுவினரும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் கார்ஸ்டன் க்ருண்டமான் குழுவினரும் சைக்ளோடைடுகளை மனித டி செல்களின் மேல் போட்டுப் பார்த்தார்கள். 2012இலும் 2013இலும் வெளியான முடிவுகள், டி செல்கள் பெருகுவது குறைகிறது என்றன. ஒரு டி செல் தன் இனத்தைப் பெருக்க விடுக்கும் அழைப்பு இன்டர்லூக்கின்-2. அந்த அழைப்பு அடங்குகிறது, செல்கள் சாவதில்லை. கலட்டா பி1இன் 20ஆவது இடத்திலுள்ள திரியோனினை எடுத்துவிட்டு லைசினை வைத்தாலும் இந்தச் செயல் குறைவதில்லை. வேறு சில இடங்களில் கைவைத்தால் செயலே போய்விடுகிறது. 20ஆவது இடம் மாற்றிய அந்த வடிவத்துக்கு டி20கே என்று பெயர். 2016இல் அதை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, எம்.எஸ். போன்ற நோய் தாமதமாகவும் தணிவாகவும் வருவதைக் காட்டினார்கள். ஸ்வீடனின் ஒரு நிறுவனம் உரிமம் வாங்கி முதற்கட்ட மனிதச் சோதனைவரை கொண்டுபோனது. இன்றுவரை எந்த சைக்ளோடைடும் மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

'எலிகளில்' என்ற சொல்லைச் செய்திகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. நான் அங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்த எலி நோயின் பிறப்பில் நம்மவர்களின் கதையும் கலந்திருக்கிறது.

நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தை நடுவயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் வகுத்த முறையில் செய்த தடுப்பூசி அது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, பீனாலால் செயலிழக்கச் செய்து, அந்த மூளைத் திசுவையே ஊசியில் ஏற்றுவார்கள். நமக்குக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து வந்தது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கால் விழுந்தது, சிறுநீர் நின்றது, சிலர் இறந்தார்கள். நாயின் விஷம் ஏறிவிட்டது என்றுதான் ஊரில் பேசினார்கள். உண்மையில் ஆட்டு மூளையின் மயலினைக் கண்டு உசுப்பேறிய உடல், தன் மயலினையும் பகையாக எண்ணித் தாக்கியிருந்தது. உலகின் பல பகுதிகளில் இதே விபத்துகள் நிகழ்ந்தன. காரணம் தேடிய நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் தாமஸ் ரிவர்ஸ், 1933இல், கிருமி எதுவும் இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். குரங்குகளின் மூளையில் அழற்சி மூண்டது, மயலின் உரிந்தது. இன்று எம்.எஸ். ஆய்வுக்கூடங்கள் எலிகளில் உண்டாக்கும் நோய் அந்தச் சோதனையின் வாரிசு. இந்தியாவில் மூளைத் திசுத் தடுப்பூசி 2005 வாக்கில்தான் முழுதாக நின்றது.

ஆகவே எலிக்கு இருப்பது எம்.எஸ். இல்லை, ஊசியால் நாம் கொடுத்த நோய். எந்த நாளில் தொடங்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் மருந்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பல தாவரப் பொருள்கள் எலிகளில் அற்புதம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கண் மங்கிய பிறகு மருத்துவரிடம் வரும் மனிதருக்கு அந்த வசதி கிடையாது. எலியில் நன்மை செய்தது மனிதரில் தீமையே செய்ததும் உண்டு. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை லெனர்செப்ட் என்னும் மருந்தால் முடக்கியபோது எலிகள் தேறின. எம்.எஸ். நோயாளிகள் 168 பேரிடம் அதைச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு நோய் அடிக்கடியும் சீக்கிரமாகவும் திரும்பியிருந்தது. அந்த 168 பேரும் நம்பிக்கையோடு கையெழுத்திட்டு வந்தவர்கள். எலிகளைப் பற்றிய ஒரு செய்தியைப் படித்து உற்சாகம் கொள்ளும்போதெல்லாம் அவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

நண்பர் ஒருவரின் தங்கைக்கு எம்.எஸ். இருக்கிறது. பள்ளி ஆசிரியை. ஒருமுறை அவளுக்குத் துணையாக நரம்பியல் புறநோயாளிகள் பிரிவில் காத்திருந்தபோது கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அம்மா வாங்கிக் குடுத்தாங்கண்ணே. மஞ்சள்தான். மூளையில இருக்கிற வீக்கத்தை இதுவே வாங்கிடுமாம். இதையே சாப்பிட்டுக்கிட்டு ஊசியை நிறுத்திடவா?" ஊசி என்று அவள் சொன்னது இன்டர்ஃபெரானை. போட்ட இரவெல்லாம் காய்ச்சலும் உடல்வலியும் வரும். காலையில் வகுப்பில் நிற்க வேண்டும். அவளுடைய கேள்வியில் அறியாமை இல்லை, அலுப்பு இருந்தது.

புட்டியின் மேல் 500 மில்லிகிராம், 95 சதவீதம் குர்குமினாய்டு, கூடவே மிளகுச் சத்து என்று அச்சிட்டிருந்தது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் ஒரு மாத்திரைக்குள் இருப்பது ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள்தூளின் சத்து. எந்த வீட்டிலும் ஒருவருக்கு ஒரு வேளைக் குழம்பில் அவ்வளவு மஞ்சள் போடுவதில்லை. மிளகு எதற்கு என்றால், குர்குமின் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வதே அரிது. சேர்ந்ததையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனித இரத்தத்தில் குர்குமின் சேர்வது 2000 சதவீதம் கூடியது. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப்போடும் நம் வழக்கத்தை இதற்குச் சான்றாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட இடமுண்டு. ஆனால் பைப்பரின் அதைச் செய்வது கல்லீரலின் கழிவு வேலையைத் தடுத்துத்தான். அந்தத் தடை குர்குமினுக்கு மட்டும் என்று நிற்காது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் அளவு கூடும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். இன்டர்ஃபெரான் போடுகிறவரின் கல்லீரலையோ ஏற்கெனவே அவ்வப்போது சோதித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அவளுடைய அம்மா கேட்ட செய்தி ஆகாயத்திலிருந்து குதித்ததும் இல்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சந்திரமோகன் நடராஜனும் ஜான் பிரைட்டும் 2002இல், குர்குமினை எலிகளின் வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தி, அதே எம்.எஸ். போன்ற நோயைத் தணித்தார்கள். இன்டர்லூக்கின்-12இன் கட்டளை டி செல்லுக்குள் போகும் வழி அடைபடுவதையும் காட்டினார்கள். நேர்த்தியான ஆய்வு. அங்கிருந்து மாத்திரைப் புட்டிக்கு வந்த வழியில்தான் எல்லாம் உதிர்ந்துவிட்டது: எலி, ஊசி, அளவு. மின்னசோட்டாவைச் சேர்ந்த காத்ரின் நெல்சனும் சகாக்களும் 2017இல் குர்குமின் இலக்கியம் முழுவதையும் புரட்டினார்கள். 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், மருந்து எது போலி எது என்று இருதரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனை ஒன்றில்கூட அது வெற்றிபெறவில்லை என்று எழுதினார்கள். குர்குமின் தானே ஒளிர்கிறது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுகிறது, நிலையில்லாமல் சிதைகிறது. அதனால் ஆய்வுக்கூடச் சோதனைகளில் இல்லாத செயலையும் இருப்பதுபோல் காட்டிவிடுகிறது என்றும் எச்சரித்தார்கள். பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி.க்கும் இதே வழிதான்: எலிகளில் வெற்றி, பெர்லினில் முற்றிய எம்.எஸ். நோயாளிகளிடம் 3 ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் மூளை சுருங்குவதைத் தடுக்கவில்லை.

மஞ்சளுக்காக நாம் ஒரு வழக்கையே நடத்தியிருக்கிறோம். புண் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இது எங்கள் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான் என்று சான்றுகளோடு எதிர்த்து, மஷேல்கர் தலைமையில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர். 1997இல் ரத்து செய்யவைத்தது. அந்தச் செய்தியில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. மஞ்சளின் மேல் உள்ள உரிமைக்காக வாதாடியவர்களுக்கு, மஞ்சளைப் பற்றிய பொய்களைத் தடுக்கும் பொறுப்பும் இருக்கிறது.

அவளிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "மஞ்சள் குழம்புல இருக்கட்டும்மா. புட்டியை டாக்டர்கிட்ட காட்டு. ஊசி தாங்கலைன்னா அதையும் சொல்லு, வேற மருந்து இருக்கு" என்றேன். காட்டினாள். மருத்துவர் திட்டவில்லை. புட்டியை வாங்கிச் சிறு எழுத்துகள் வரைக்கும் படித்தார். பிறகு வேறொரு மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது டைமெத்தில் ஃப்யூமரேட்.

அந்தப் பெயருக்குள்ளும் ஒரு செடி இருக்கிறது. ஃப்யூமேரியா அஃபிசினாலிஸ், ஐரோப்பிய வயலோரங்களில் முளைக்கும் களை. சாம்பல்பச்சை இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாகத் தூரத்திலிருந்து பார்த்தால் தரையில் புகை படர்ந்ததுபோல் தெரியும். தோல் நோய்களுக்கு அதை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். ஃப்யூமரிக் அமிலம் பெயர் பெற்றது இந்தச் செடியிலிருந்துதான். நம் உடலின் செல்களும் ஆற்றல் உண்டாக்கும்போது அதே அமிலத்தை இடைப்பொருளாக ஆக்கிக்கொள்கின்றன. வால்டர் ஷ்வெக்கென்டீக் என்ற ஜெர்மன் வேதியியலாளருக்குச் சொரியாசிஸ் இருந்தது. அந்த ஆற்றல் சுழற்சியில் ஏற்பட்ட குறையால்தான் தோல் இப்படியாகிறது என்று நினைத்து, ஃப்யூமரிக் அமிலத்தின் எஸ்டர்களைத் தன்மேலேயே சோதித்து, 1959இல் எழுதினார். அவர் சொன்ன காரணம் தவறு என்று பிறகு தெரிந்தது. மருந்து மட்டும் வேலை செய்தது. 1994இல் ஜெர்மனி அதைச் சொரியாசிசுக்கு அங்கீகரித்தது. தோலில் அழற்சியை அடக்குவது நரம்பிலும் அடக்குமா என்று ஜெர்மன் நரம்பியலாளர்கள் எம்.எஸ். நோயாளிகள் சிலரிடம் பார்த்தார்கள். பிறகு 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை 2012இல் வெளிவந்தது. 2 ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் போலி மாத்திரை பெற்றவர்களில் 46 சதவீதம். நாளுக்கு இருவேளை 240 மில்லிகிராம் பெற்றவர்களில் 27 சதவீதம். 2013இல் அமெரிக்கா அனுமதித்தது.

இன்று ஆலையில் அதைச் செய்யும்போது ஒரு ஃப்யூமேரியா இலைகூடத் தேவைப்படுவதில்லை. மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. இதே பொருளைப் பூசணம் பிடிக்காமலிருக்க சோபாக்களுக்குள் சிறு பைகளில் வைத்தார்கள். உட்கார்ந்தவர்களின் முதுகும் தொடையும் வெந்துபோக, 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடை விதித்தது. சோபாவில் நஞ்சு, அளவிட்ட மாத்திரையில் மருந்து. மாத்திரையிலும் முதல் மாதம் முகம் சிவந்து எரியும், வயிற்றைப் பிரட்டும். வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துபோனால் மூளையில் அரிதான, உயிரைக் குடிக்கும் ஒரு தொற்று வரலாம். அதனால் சில மாதங்களுக்கொருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். செடியோடு பெயரளவில் உறவுள்ள மருந்துக்கும் இத்தனை காவல் தேவைப்படுகிறது.

நாட்டு மருந்துக்கடைப் பழக்கமுள்ளவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வடநாட்டு ஆயுர்வேதத்தில் பர்ப்படம் என்று கொடுப்பது ஃப்யூமேரியா இனத்துச் செடி. கேரளத்தில் அதே பெயருக்கு ஓல்டன்லாண்டியா இனத்துச் செடியைக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீரில் சேரும் பற்பாடகம் மூன்றாவதாக ஒரு செடி, மொல்லுகோ இனம். மூன்றும் மூன்று குடும்பங்கள், வேதியியலும் வேறு வேறு. ஓலையில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர் எந்தச் செடியை எடுத்துப் போகிறார் என்பதிலேயே முடிவு பாதி அடங்கியிருக்கிறது. ஓரிதழ் தாமரையை நரம்புக்கு நல்லது என்று பொடித்து விற்பவர்களிடம் சைக்ளோடைடு செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். அது நடக்கும் முன்பே நம் பல்கலைக்கழகங்களில் யாராவது அந்தச் செடியை உட்கார்ந்து பிரித்து, எந்தப் புரதம், எந்தச் செல்லின் மேல், எந்த அளவில் என்று கேட்க வேண்டும். தமிழ் மருத்துவ மரபின் மேல் உண்மையான மதிப்புள்ளவர் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று நம்புகிறேன். மரபைச் சோதிப்பது அவமதிப்பு என்று நினைப்பவர்கள், அந்த மரபை உண்டாக்கியவர்களும் சோதித்துத்தான் உண்டாக்கினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கலட்டாவுக்கு வருகிறேன். 2013இல் க்ரூபர் குழு, அதே செடியின் கலட்டா பி7 என்ற சைக்ளோடைடு, பிரசவத்தில் வேலை செய்யும் ஆக்சிடோசினின் ஏற்பியையே தூண்டுகிறது என்று காட்டியது. கசாயில் சொன்னது சரி என்பதற்கு ஐம்பதாண்டுகள் கழித்து எழுத்துபூர்வமான சான்று. செடியின் ஊர்ப்பெயர் மூலக்கூறின் பெயராக நிலைத்துவிட்டது. கிரானின் பெயர் இருக்கிறது, கிரெய்க், க்ரூபர், க்ருண்டமான் எல்லோரும் இருக்கிறார்கள். கஷாயத்தைக் கலக்கிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் இந்த வரலாற்றில் இல்லை. இதற்குத் தனி ஒருவரைக் குற்றம் சொல்லவில்லை. 1960களில் அப்படிக் கேட்டு எழுதும் வழக்கமே அறிவியலில் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. அகத்தியமலையில் 1987இல் ஆய்வுக்குப் போன தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர், களைப்பே தெரியாமல் முன்னால் நடந்த காணிப் பழங்குடியினர் ஒரு பழத்தை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அது ஆரோக்கியப் பச்சை. வழிகாட்டிய காணிகளின் பெயர்கள் பதிவில் உள்ளன. அதிலிருந்து செய்த ஜீவனி என்ற மருந்தின் உரிமத்தைத் திருவனந்தபுரத்தின் தாவரவியல் ஆய்வகம் 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தபோது, கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. வனத்துறையோடு இழுபறி, பயிரிடுவதில் தடை என்று அதில் குறைகள் பல வந்தன. ஆனாலும் அறிவைக் கொடுத்தவர்களைப் பங்காளிகளாக உட்காரவைத்த ஏற்பாடு அது. பயன்பகிர்வுக்கான நகோயா உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்தபின் உலகச் சட்டமும் அந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. 1960களில் எடுத்துப்போன செடிக்கு அந்தச் சட்டம் பின்தேதியிட்டுப் பொருந்தாது என்று வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். டி20கேயோ அதன் வழியில் வரும் வேறொரு முனையற்ற புரதமோ என்றாவது ஓர் ஆசிரியையின் ஊசியை நிறுத்தி மாத்திரையாக வரலாம். அது கடைக்கு வரும்வரை காத்திராமல், ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இப்போதே, உரிம ஒப்பந்தங்களில் கசாய்க்கு ஒரு பங்கை எழுதிவைக்க வேண்டும்.